லோஷினியின் வாசிப்புப் பதிவேடு

தேநீரோடு வைத்த கறிபாப் பலகாரத்தைக் கொஞ்சம் சூடாகக் கொடுத்திருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரிய விஷயங்களை யோசிப்பதாகப் பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பத்து பாகாட் நகரில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் நூலக ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல். சிறப்பு விருந்தினராக நானும் கதைசொல்லி சர்புதீனும்.

சர்புதீன் தன் அத்தாவின் சாப்பாட்டுக்கடையில் தே தாரேக் தேநீரை உயரத் தூக்கி இழுத்து ஆற்றிக்கொண்டே கதை சொல்லப் பழகியவர். முதலைக்கும் சருகுமானுக்கும் நடந்த சண்டையைச் சொல்லி, தலைநரைத்த ஆசிரியர்களைக்கூட முதலைபோல வாயைத் திறக்க வைத்தார். முடிக்கும்போது என் பக்கம் கையைக் காட்டினார்.

"அடுத்து செல்வராணி டீச்சர் பேசுவாங்க. எல்லாரையும் அழ வச்சுருவாங்க லா. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க."

எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு, 'மாணவரின் குரலைக் கேட்டல்'. நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

என்னை அழைப்பது 'ஒன்பது வெளிச்சம்' என்ற என் நாவலுக்காக. களைக்கொல்லி வைக்கும் தகரக் கொட்டகையில் பூட்டப்படும் ஒரு சிறுமியின் கதை. தகரத்தில் உள்ள ஒன்பது ஓட்டைகளில் வெயில் நகர்வதை வைத்து அவள் நேரம் பார்ப்பாள். அது வெளிவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பல பள்ளி நூலகங்களில் இருக்கிறது. அந்தச் சிறுமியை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று எங்கே போனாலும் கேட்பார்கள். பிள்ளைகளைக் கவனித்தேன், என்பேன். அதில் பொய் இல்லை.

அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கடைசி வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "நன்றி டீச்சர்," என்று உட்கார்ந்தாள். அவள் லோஷினி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, பண்டார் தெங்காரா ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்குள் இருந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் நூலக ஆசிரியை. லோஷினி ஐந்தாம் ஆண்டு மாணவி. தாய் இல்லை. தகப்பனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பெரியப்பா லெட்சுமணன் வீட்டில் வளர்ந்தாள். அவர் தோட்டங்களுக்குக் களைக்கொல்லி அடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர்.

மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டும். தலைப்பு, ஆசிரியர், பக்கங்கள், சுருக்கம். அதன்கீழே நான் நூலகத்தின் தேதி முத்திரையைக் குத்திக் கையெழுத்திடவேண்டும். வாரத்துக்கு இருநூறு பதிவுகள் வரும். யாரும் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. நானும் குத்திக்கொண்டே போவேன். லோஷினியின் மூன்று பதிவுகளுக்கு அப்படிக் குத்திய பிறகுதான், நான்காவதைத் தற்செயலாக வாசித்தேன்.

தலைப்பு: மருந்து வீடு. ஆசிரியர்: தெரியவில்லை. பக்கங்கள்: மத்தியானம் முழுக்க. சுருக்கம்: ஒரு பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அவளுக்கு நாக்கு கசக்கிறது. வெயில் ஒன்பதாவது ஓட்டைக்கு வந்தால் கதவு திறக்கும். மழை நாளில் எப்போது திறக்கும் என்று இந்தப் புத்தகத்தில் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முந்தைய பக்கங்களைப் புரட்டினால், நான் குத்திய மூன்றும் இதே மருந்து வீடுதான். அப்படியொரு புத்தகம் எங்கள் நூலகத்தில் இல்லை, எங்குமே இல்லை என்று எனக்குத் தெரியும். அது அவள்தான் என்றும் தெரியும். தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். ஆனால் இல்லாத புத்தகத்துக்கு மூன்று முறை ஏன் முத்திரை குத்தினாய் என்று கேட்டிருப்பார். முதல் வாரம் நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். சின்னக் காரணம்தான். அடுத்த வாரங்களுக்கு அந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

அப்போது நான் இரண்டு சிறுகதைகள் எழுதி, இரண்டும் திரும்பி வந்திருந்தன. என் வாக்கியங்களில் எதுவும் கசக்காது. இந்தப் பதினொரு வயதுப் பெண்ணின் வாக்கியங்கள் கசந்தன. பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'மிக நன்று. அடுத்த பகுதி எங்கே?'

அவள் எழுதினாள். பதிவேடு தீர்ந்ததும் நானே புதிது கொடுத்தேன். உள்ளே எப்படி மூச்சு விடுவாள், பீப்பாய்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள், வெளியே கோழி கிளறும் சத்தத்தை வைத்து என்னென்ன தெரிந்துகொள்வாள். ஒவ்வொன்றுக்கும் முத்திரை, தேதி, என் கையெழுத்து.

பிறகு ஒரு மாதம் சாதாரணமான சுருக்கங்கள் வந்தன. சிங்கமும் முயலும், காக்கையும் நரியும். பெரியப்பாவுக்கு வேலை அதிகம், வீட்டில் இருப்பதே இல்லை என்று அவளே சொன்னாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருந்ததை நான் மறைக்கப்போவதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவளை அழைத்துப்போக லாரியில் லெட்சுமணன் வந்தார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். லோஷினி நூலகப் புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டாள், கேட்டால் பதில் சொல்வதில்லை என்றேன். அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

"நீங்க மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்," என்றார்.

திங்கட்கிழமை நான்கு பக்கம் வந்தது. அதில் ஒரு வரி: 'இந்த முறை ஏன் பூட்டினார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.' பக்கத்தில் நான் எழுதினேன்: 'நல்ல திருப்பம்.'

அதுபோல அந்த ஆண்டில் மூன்று முறை சொன்னேன். மூன்றுதான்.

அது தவறென்று பிறகு புரிந்தது என்று சொல்லமாட்டேன். லாரி கிளம்பிப் புழுதி அடங்குவதற்கு முன்பே புரிந்தது. இன்றும் பக்கத்து வீட்டில் புல்லுக்கு மருந்து அடித்தால், ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வாசனை போன பிறகும் உட்கார்ந்திருப்பேன்.

உரை முடிந்ததும் வாசகர்கள் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். லோஷினி கடைசியாக வந்தாள். கையில் புத்தகம் இல்லை.

"என்னைய ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"இருக்கும்மா. நீயும் நூலக டீச்சராயிட்ட. சந்தோஷம்."

"நீங்க எழுதுனத நான் கேக்க வரல. எடுத்துக்கிட்டீங்க, பரவால. இப்ப அந்த வீட்ல தேன்மொழின்னு ஒரு பிள்ள இருக்கு. பெரியப்பாவோட பேத்தி, எட்டு வயசு. பெரியப்பா மக, எங்க அக்கா, அங்க விட்டுட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. போன மாசம் போயிருந்தேன். அவ சட்டையில மருந்து வாசம். நாக்கு கசக்குதுன்னு சொன்னா."

நான் பேனாவை மூடினேன்.

"கொட்டாய்க்குப் புதுத் தகரம் போட்டுட்டாங்க டீச்சர். இப்ப ஓட்டையே இல்ல."

சமூகநலத் துறையில் அவள் புகார் கொடுத்திருக்கிறாள். அதிகாரி வீட்டுக்குப் போயிருக்கிறார். தேன்மொழி வாயைத் திறக்கவில்லை. தனக்கு நடந்ததை லோஷினி சொன்னபோது, பெரியப்பா கோபப்படவில்லையாம்.

"உங்க புத்தகத்த எடுத்து மேசையில வச்சாரு. இந்தப் பிள்ள இதப் படிச்சுட்டு எங்க தலையில கட்டுது சார்னாரு. அந்த ஆபீசர் அட்டையப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. அதோட முடிஞ்சுபோச்சு. அந்தப் பதிவேட்டுல முத்திர இருக்கு, தேதி இருக்கு. உங்க புத்தகம் வர்றதுக்கு அஞ்சு வருசம் முன்னாடி நான் எழுதுனது. நீங்க வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க எதையும் தூக்கிப் போட மாட்டீங்க."

உண்மைதான். ஐந்து பதிவேடுகளும் என் படுக்கையறை அலமாரியில் இருக்கின்றன.

"எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பக்கம். உங்க பேர நான் எங்கயும் இழுக்கமாட்டேன்."

அப்போது நான் ஒன்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அந்தப் பிள்ள ஏதாச்சும் எழுதுவாளா?"

லோஷினி என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். தூரத்தில் யாரோ சர்புதீனிடம் முதலையை இன்னொரு தடவை செய்யச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சிவப்பு மை தெரியும். ஆனால் லாரியருகே நான் சொன்னது தெரியாது. 'யாரோ' என்ற சொல்லையும் அதன் பக்கத்தில் என் கையெழுத்தையும் ஓர் அதிகாரி சேர்த்துப் படித்தால் தெரிந்துவிடும். வேறு பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாமே என்பீர்கள். ஒரு பக்கம் போனால் மற்றவற்றையும் கேட்பார்கள். அந்தப் பதிவேடுகளை நான் பாதுகாத்ததுபோல யாரும் பாதுகாக்கமாட்டார்கள்.

"ஒரு பக்கம் டீச்சர்."

"முடியாதும்மா," என்றேன், நூலகத்தில் பேசும் குரலில்.

அவள் அழவில்லை. பதினொரு வயதிலும் அவள் என் முன்னால் அழுததில்லை. அதனால்தான், என்னால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று நம்புகிறேன்.