மஞ்சள் ஜாடியில் ஊறிய சீஸ்

வீட்டில் சீஸ் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாலைச் சூடாக்கி, வினிகர் ஊற்றித் திரியவிட்டு, துணியில் கட்டிப் பிழிந்து, மேலே கனமாக எதையாவது வைத்தால் கட்டியாகிவிடும். ஊறவைப்பதில்தான் பக்குவம் இருக்கிறது. பிழிந்த நீரிலேயே உப்பும் இன்னும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, கட்டியை அதில் முக்கி வைக்க வேண்டும். நீங்கள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி, உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை பிசகாது. ஆனால் சமையலில் எனக்குப் பேர் கிடையாது. அம்மா இருந்தவரை, நான் வைத்ததை ஒரு வாய் தின்றுவிட்டு, "பெரியவ கை பட்டா தண்ணிக்குக்கூட ருசி போயிடும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவள் மகளுக்கு நாலு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். சாப்பாடு என்றால் அப்படி ஒரு அடம். வாயில் வைத்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். போன கோடையில் அந்த மஞ்சள் ஜாடியை வாங்கினேன். அதில் ஊறிய சீஸில் ஒரு துண்டு அவளுக்குக் கொடுத்தேன். மென்றாள். விழுங்கினாள். "பெரியம்மா, இன்னும்" என்றாள்.

என்னிடம் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை.

லேசாக இனித்தது அது. "என்னக்கா போடற இதுல, சர்க்கரையா?" என்று தங்கை கேட்டாள். கைப்பக்குவம் என்றேன். "யாருக்கு, உனக்கா?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தாள்.

இன்னொரு ஜாடி வாங்கப் போனபோது பாத்திரக்கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அது பூ வைக்கிற ஜாடிம்மா. உள்ள பளபளன்னு இருக்கே, அந்தப் பூச்சுல காரீயம் இருக்கு. புளிச்சது எதையும் ஊத்தி வெச்சிடாதீங்க, கரைஞ்சு இறங்கிடும். வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கா?"

இல்லை என்றேன். என் வீட்டில் குழந்தை இல்லை. பொய் சொல்லவில்லை.

வந்ததும் ஜாடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மினுமினுப்பைப் பார்க்கத் தெரியாதவள் அல்ல நான். நீர் நின்ற மட்டம் வரை பூச்சு மங்கியிருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

உடனே நிறுத்தினேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அடுத்த முறை எவர்சில்வர் டப்பாவில் ஊறவைத்தேன். அதே பால், அதே உப்பு, அதே கை. சிட்டு ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினாள். "இது பெரியம்மா சீஸ் இல்ல." தங்கை, "அவ்ளோதான், மந்திரம் தீந்துபோச்சு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மறுபடி ஜாடியை எடுத்தேன். குழந்தை ஒன்றுமே தின்னாமல் கிடப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. துண்டுகளைச் சின்னதாக்கினேன். நான் சாப்பிடுவதை விட்டுவிட்டேன், அவளுக்கு மிச்சமாகட்டும் என்று.

மழை தொடங்கியபோது அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பிறகு முகம் வெளுத்தது. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. வண்ணத்துப்பூச்சி என்று முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பூச்சி என்றாள், அப்புறம் விரலை மட்டும் நீட்டினாள். என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். "வெளிச் சாப்பாடே கிடையாது டாக்டர். எங்கக்கா கையால செஞ்சு தர்றதுதான்" என்றாள் தங்கை. என்னைச் சொல்லி அவள் பெருமைப்பட்டு நான் கேட்டது அன்றுதான். குறுக்கே பேச மனம் வரவில்லை.

ரத்தத்தில் காரீயம் என்று தெரிந்ததும் எல்லோரும் தங்கை கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காரீயத் தகடு போட்ட பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். தங்கை அவர் துணிகளையெல்லாம் வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் என்னிடம் வந்து நின்றார். "சோப்பு போட்டுக் குளிச்சுட்டுத்தான்க்கா அவளத் தொடுவேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்க." எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். நல்ல மனிதர். "கொஞ்ச நாள் தள்ளி இருங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவர் தன் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்.

நீங்கள் முதல்முறை வந்து பரிசோதனைக்கு சீஸ் கேட்டபோது எவர்சில்வர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் குற்றம் ஒன்றும் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சிட்டுவின் ரத்தத்தில் காரீயத்தின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு ஏறியது. அப்பா ஊரிலேயே இல்லாதபோது எப்படி ஏறும் என்று இன்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சாயங்காலம் தங்கை குளிக்க வீட்டுக்குப் போவாள், நான் கட்டிலருகே உட்காருவேன். கைக்குட்டையில் மடித்து எடுத்துப்போவேன். கஞ்சி கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, நான் கதவருகே வந்தாலே வாயைத் திறந்து காட்டுவாள். அதைப் பார்த்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து தெரியும். தங்கை கணவரைத் திரும்பி வரச் சொல்லுங்கள், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஜாடியையும் உள்ளே இருப்பதோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளையிலிருந்து அவளுக்கு யார் ஊட்டப்போகிறார்கள் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா? வேறு யார் கொடுத்தாலும் அவள் வாங்க மாட்டாள். பட்டினி போட்டுப் பிள்ளையைக் கொன்றுவிடாதீர்கள்.