சிவப்பு டப்பாவில் வெந்தயம்

குருமாவுக்குத் தேங்காய் கட்டாயமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் காகிதத்தில், ‘தேங்காய்க்குப் பதிலாக வேர்க்கடலை தவறுதலாகச் சேர்க்கப்பட்டு’ என்று ஒரு வரி வருகிறது. அந்தத் ‘தவறுதலாக’ என்ற வார்த்தைக்காகத்தான் நானே பஸ் பிடித்து வந்தேன். மற்றதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள், பூங்குழலி மேடம். என் பேர் ஹேமலதா, வயசு நாற்பத்து மூன்று, ஆம்பூரில் எங்கள் தெரு, கதவு எண், எல்லாம் சரி.

டீ வேண்டாம், குடித்தாயிற்று. உங்கள் ஸ்டேஷன் டீயில் தூள் ஜாஸ்தி, கொதி கம்மி. தூளில் அரை ஸ்பூன் குறைத்துவிட்டு இரண்டு நிமிஷம் கூடக் கொதிக்க விடச் சொல்லுங்கள். நிறமும் வரும், தூளும் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். அவருடைய தம்பி மதியழகன் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். மதியின் மனைவி பூர்ணிமா, குடியாத்தத்துப் பெண், அங்கேயே செக்கிங்கில் இருந்தாள். காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் முனைக்கு வந்துவிடும். அதற்குள் மூன்று பேருக்கும் டிபன், மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடு. பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட என்னால் பஸ் தவறியதில்லை. வேண்டுமானால் டிரைவரைக் கேளுங்கள்.

இதைப் பார்த்துத்தான் கம்பெனிப் பெண்கள் என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ‘அரைமணி அடுப்பு’ என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறேன். நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். தினமும் ஒரு நிமிஷம் பேசி அனுப்புவேன். கொத்தமல்லித் தண்டைத் தூக்கிப் போடாதே, ரசத்தில் போடு. மீந்த இட்லியை உதிர்த்துத் தாளி. குழம்பு வைத்த எந்த டப்பாவையும் சீட்டு ஒட்டாமல் ஃப்ரீசரில் வைக்காதே. எந்த டப்பாவும் வீட்டில் காலியாகக் கிடக்கக் கூடாது. தேங்காய் விற்கிற விலைக்கு, ஒடுகத்தூர்க் கடலை ஒரு பிடி வறுத்து அரைத்து ஊற்று, குருமா கெட்டியாக வரும். இந்தக் கடலை யோசனைக்குத்தான் நிறையப் பேர் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். அப்போது பூர்ணிமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் ஆறாவது படித்தான். தாய் இல்லாத பையன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவன் இருந்தான். உப்பு, புளி என்று ஒரு குறை சொல்ல மாட்டான். தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, “அண்ணி, இன்னும் கொஞ்சம்” என்பான். முப்பது வயதிலும் அப்படித்தான் கேட்பான். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை, மேடம்.

பூர்ணிமா வந்த மூன்றாவது வாரம் கடலைச் சட்னி அரைத்தேன். இரண்டு வாய் தின்றிருப்பாள். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசிலடித்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நாலு நாள் பெட்டில் போட்டுக் காப்பாற்றினோம். கடலை அவள் உடம்புக்கு விஷம் என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதில் ஒருதரம் தடித்ததாம், பித்தம் என்று சொல்லி விட்டுவிட்டார்களாம். எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று மருந்தும் ஊசியும் கொடுத்தனுப்பினார். தொடையில் எப்படிக் குத்துவது என்று எங்களை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கினார்கள். மதிக்கு இரண்டு தடவை ஊசி நழுவியது. முதல் தடவையிலேயே சரியாகக் குத்தியது நான்தான். அந்த ஊசியை ஒரு சிவப்பு டப்பாவில் போட்டு, அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பலகையில் வைத்தேன்.

அன்றிலிருந்து என் சமையலறையில் கடலை நுழையவில்லை. கடலை எண்ணெயை நிறுத்தினேன். மிக்ஸி ஜாரை மாற்றினேன். பழைய கரண்டிகளைக் கீழ் வீட்டு வஜீதாவுக்குக் கொடுத்தேன். இதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பெண் தட்டில் கை வைக்குமுன் ஒவ்வொரு வேளையும் கேட்பாள்.

“அக்கா, இதுல கடலை இல்லையே?”

காலையில் கேட்பாள், ராத்திரி கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி முன்னால் கேட்பாள். வெறும் மோர்சாதத்துக்குக்கூட ஒருமுறை கேட்டாள். வஜீதாவே சிரித்தாள்: “இன்னா ஹேமா, டெய்லி உனக்குப் பரீட்சை வெக்கிறாளா உன் ஓரகத்தி?” நானும் சிரித்தேன். ஒன்றரை வருஷம் பதில் சொன்னேன். ஒருதரம்கூடப் பொய் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் மதி சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

“அண்ணி, சத்துவாச்சாரில வீடு பாத்துட்டோம். அடுத்த மாசம் போய்டறோம். உங்களுக்கும் இன்னாத்துக்கு இந்த பேஜாரு? பூர்ணியும் பயமில்லாம சாப்டணும் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் என்று கேட்காமல் கை கழுவிவிட்டான். பயமில்லாமல் சாப்பிட வேண்டுமாம். என் கையால் சாப்பிடுவது பயமாம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “சின்னஞ்சிறுசுங்க, போவட்டும் விடு” என்றார். அவருக்கு எது போனாலும் விடத் தெரியும்.

நான் கோபக்காரி இல்லை, மேடம். சமையலறையில் கோபம் கூடாது, கை சுடும். எது வீட்டுக்கு நல்லது என்றுதான் நிதானமாக யோசித்தேன். ஒரே குடும்பம் இரண்டு அடுப்பு எரிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒருத்தி இல்லாவிட்டால் மூன்று பேருக்கு ஒரு அடுப்பு போதும்.

அவர்கள் புறப்பட இரண்டு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பலகையைத் துடைத்தேன். சிவப்பு டப்பாவில் இருந்த மருந்தையும் ஊசியையும் பழைய பேப்பரில் சுற்றி, குப்பை வண்டிக்காரி விசிலடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கெட்டுப்போன மருந்தா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னும் ஏழு மாசம் தேதி இருந்தது. அந்த டப்பாவில் வெந்தயத்தை நிரப்பினேன். காலியாக விட்டால், எப்போதாவது நகர்த்தும்போது கை கண்டுபிடித்துவிடும். டப்பா கனமாக இருந்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

புதன்கிழமை சாமான் கட்டுவதற்காகப் பூர்ணிமா லீவு போட்டாள். ஆண்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்குச் சப்பாத்தி தேய்த்து, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டுக் குருமா வைத்தேன். சோம்பும் பட்டையும் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் கையில் கடலை. வறுக்கும் வாசம் அவளுக்குத் தெரியாமல் இருக்க, காலையில் அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோதே அந்த வேலையை முடித்துவிட்டேன்.

“இல்லை” என்று சொல்லத் தயாராகத்தான் பரிமாறினேன். அவள் உட்கார்ந்து, தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கி கேக்க மாட்டேன்க்கா. கேட்டுக் கேட்டு உங்கள நோவடிச்சிட்டேன். அவரு நேத்து இதச் சொல்லி ரொம்பத் திட்டினாரு. மனசுல வெச்சிக்காதீங்க.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து, நன்றாகத் தோய்த்துச் சாப்பிட்டாள்.

“சூப்பரா இருக்குக்கா. எப்டி செஞ்சீங்கன்னு சொல்லிக் குடுங்க. அங்க போய் அவருக்கு இதே மாதிரி செஞ்சி போடறேன்.”

அப்போதாவது தட்டைப் பிடுங்கியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஒரு வாய்தான் போயிருந்தது. ஆனால் பரிமாறிய தட்டைப் பிடுங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதோடு, அவள் கேட்கவில்லை, நான் இல்லை என்று சொல்லவும் இல்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாயில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கத்தவில்லை, கத்த வரவில்லை. நேரே பலகைக்குப் போய்ச் சிவப்பு டப்பாவை எடுத்துத் திறந்தாள். வெந்தயம். கையை உள்ளே விட்டுத் துழாவினாள். டப்பாவைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து, வெந்தயத்தை இரண்டு கையாலும் விலக்கி விலக்கித் தேடினாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதும் அவள் கண்ணில் கேள்வி இல்லை. வேறெங்காவது வைத்திருப்பதை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்றுதான் பார்த்தாள். அந்தப் பார்வையை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

அடுப்பில் பால் பொங்க வந்தது. அணைத்தேன். துடைப்பமும் முறமும் எடுத்துவந்து வெந்தயத்தைக் கூட்டினேன். ஈரம் பட்டால் முளைத்துப் புளித்துவிடும். அவள் கைக்குக் கீழேயும் கொஞ்சம் இருந்தது. கையை நகர்த்திவிட்டு எடுத்தேன். அப்போது விரல் அசைந்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். எல்லாம் அள்ளிப் புடைத்து, வேறு டப்பாவில் கொட்டிய பிறகு, படியில் நின்று வஜீதாவைக் கூப்பிட்டேன். வஜீதா பார்த்தவுடன் அலறி, 108-க்குப் போன் போட்டாள். வண்டி சீக்கிரமாகத்தான் வந்தது. அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார்கள். வக்கீல் ராமலிங்கம் வீட்டுக்கே வந்து, “மறந்து போட்டுட்டேன்னு சொல்லுங்கம்மா, போதும், நான் பாத்துக்கறேன்” என்றார். என் வீட்டுக்காரர், “பாவம், வேலப் பளு, கை தவறிடிச்சி” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். குரூப்பில் ஒரு பெண், கவனமில்லாதவள் கையில் அடுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதினாள். என்னிடம் சமைக்கக் கற்றுக்கொண்டவள் அவள். அன்றே முப்பது பேர் குரூப்பைவிட்டுப் போய்விட்டார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பதினாறாம் நாள் முடிந்ததும் மதி சத்துவாச்சாரி வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டான். நான் நினைத்தபடி வீட்டிலேயே இருக்கிறான். ஆனால் என் கையால் ஒரு பருக்கை தொடுவதில்லை. பேக்கரியில் பன் வாங்கித் தின்கிறான். நேற்று அவனுக்காகவே தேங்காய் உடைத்து, நிறையப் போட்டுக் குருமா வைத்துக் கதவைத் தட்டினேன். அழுதுகொண்டே திறந்தான்.

“எனக்கு உங்க மேல கோவமில்ல அண்ணி. உங்களுக்கும் வயசாவுது, மறதி வந்துடிச்சி. எந்த டப்பால இன்னா இருக்குன்னே தெரியல உங்களுக்கு. எனக்குப் பயமா இருக்கு அண்ணி, அவ்ளோதான்.”

மறதியாம். எனக்கு. அந்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் மூடி வைத்தேன்.

அதனால்தான் வந்தேன், மேடம். உங்கள் ஆட்கள் எங்கள் ஃப்ரீசரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் போனார்களே, மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. என் கையெழுத்துதான். ‘வேர்க்கடலைக் குருமா, புதன்’ என்று இருக்கும். அவள் சாப்பிட வருமுன், கை கழுவிக்கொண்டிருந்தபோதே மீதிக் குருமாவை அதில் ஊற்றி, எழுதி ஒட்டினேன். மறந்து போட்டவள் அப்படி எழுதுவாளா? என் சமையலில் எனக்குத் தெரியாமல் எதுவும் விழுந்ததில்லை. தெரிந்து போட்டேன். தெரிந்து ஊசியை எடுத்தேன். தெரிந்துதான் கடைசியாக வஜீதாவைக் கூப்பிட்டேன். இதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும் என்றால் அங்கேயும் இதே வரிசையில் சொல்கிறேன், ஒன்றும் மாறாது.

ஒரே ஒரு உதவி. இதை முதலில் மதியிடம் படித்துக் காட்டுங்கள். அவன் அண்ணிக்கு மறதியும் இல்லை, கை தவறவும் இல்லை என்று அவனுக்குத் தெரியட்டும். அப்புறம் பயமில்லாமல் என் கையால் சாப்பிடுவான்.