மாதாவுக்கு எதுக்கு பெல்ட்டு

இல்லீங்க மொதலாளி, நிக்கறேன். குந்துனா அப்பால எழுப்பறதுக்கு ரெண்டு ஆளு வேணும். சரி, சொல்றீங்கன்னு குந்தறேன். அந்த ஃப்ரிட்ஜு பொட்டி மேல காலத் தூக்கி வச்சிக்கவா? காலிப் பொட்டிதான?

காலு தேவலைங்க. போனது ரெண்டு வெரலு. ஆனா ஆறு வாரமா நான் பண்ண அலப்பறையப் பாத்தா ரெண்டு காலும் போயிடுச்சின்னு நெனப்பீங்க. வூட்ல உபகாரமேரி கஞ்சி ஊத்திக்கினே சொல்றா, மாவுக்கட்ட காலுக்குப் போட்டதுக்கு என் வாயிக்குப் போட்டிருக்கலாமாம்.

ஆமா, வேலைக்கு வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன். அதுவும் ஒண்ணு. இருசப்பனுக்குப் பதிலா ஆளு போட்டுட்டீங்களா? இன்னும் இல்லியா. அவன் நைனார்பாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கான். பதினோரு வருசம் நம்ம கடையில ட்ராலி புடிச்சவன். மாதா சொரூபத்தக் கீழ போட்டவன வச்சிக்கினா சனங்க இன்னா சொல்லும்னு நீங்க நிறுத்திட்டீங்க. உங்க மேல தப்பு இல்லீங்க. நீங்க கேள்விப்பட்டதுக்கு ஏத்த மாரி செஞ்சீங்க.

நான் என் கூத்தச் சொல்றேன். கடைக்கு இந்த ரெண்டு சக்கர ட்ராலி வந்த நாள்லேர்ந்து பாடம் எடுக்கறது யாரு? நான்தான். கனமானத அடியில வை. சாய்க்கறதுக்கு முன்னாடி பெல்ட்டு போட்டு இறுக்கு. படியில ஏத்துனா நீ மேல நின்னு இழு, சரக்குக்குக் கீழ ஒருத்தனும் நிக்கக் கூடாது. பூட்ஸு இல்லாம ட்ராலியத் தொடாத. சரிஞ்சா புடிக்காத, வுட்டுட்டு ஒதுங்கு. டீக்கடையில நான் இத ஆரமிச்சா, பாதி டீய வச்சிட்டு எழுந்து போறவங்க இருக்காங்க.

அப்பேர்ப்பட்டவன் அன்னிக்கு இன்னா பண்ணேன் தெரியுமா? சாமியாரு கேட்டாருன்னு நீங்க ட்ராலியக் குடுத்து எங்க ரெண்டு பேரையும் அனுப்புனீங்க. மலையடிவாரத்துல எங்க ஊரு கோயிலு, புது மாதா, தொண்ணூறு கிலோ. வாசல்ல ஊரே நிக்குது. வண்டிலேர்ந்து எறக்கி ட்ராலில வச்சாச்சி. இருசப்பன் பெல்ட்ட நீட்டறான். ஏன்டா, மாதாவ எவனாவது இடுப்புல கட்டுவானா, அவங்க இன்னா பீரோவான்னு கேட்டேன். ஊரு சிரிச்சிது. எனக்கு வாயெல்லாம் பல்லு.

அதோட வுட்டனா? மாதாவத் தொடறோம், பூட்ஸோட தொடலாமான்னு கழட்டி ஓரமா வச்சேன். நீங்க வாங்கிக் குடுத்தது, முன்னாடி இரும்பு வச்சது. அதுக்கு ஒரு கீறல் இல்லீங்க.

மூணே படி. நான் மேல நின்னு இழுக்கறேன், மாதா ஜம்முனு ஏறி வராங்க. கடைசிப் படி ஏறுனதும் ட்ராலிய நிமுத்தனேன். மெள்ளமாத்தான் நிமுத்தணும், அதயும் நான்தான் சொல்லிக் குடுத்தது. ஆனா ஊரு பாக்குதே. வெடுக்குனு நிமுத்தனேன். ட்ராலி நின்னுடுச்சி, மாதா நிக்கல. அப்டியே முன்னாடி குனியறாங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, பரவால்ல.

ஒதுங்கணும்ல? நான் சுத்திக்கினு ஓடி கீழ்ப்படில நின்னு கட்டிப் புடிச்சேங்க. தொண்ணூறு கிலோவ. அவங்க என் மேல சரிஞ்சி எறங்கி, பீடம் நேரா என் வெரலு மேல. மாதாவுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சி. ஒட்டிக்கலாம்பா, நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு சாமியாரு. ஊருதான் வுடல. மாதா மூஞ்சியவே பாத்துக்கினு இருந்த சனம், யாரு வுட்டது, யாரு வுட்டதுன்னு ஒரே கேள்வி. இப்பதான் சிரிச்ச மூஞ்சிங்க, அத்தனையும் என் மேல குனிஞ்சி கேக்குது. பயந்துட்டேங்க. இருசப்பன் கைய வுட்டுட்டான்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்தப்பவும் அதயேதான் சொன்னேன். அவன் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தான்.

இல்ல, டீ வேணாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சி. அவன் கைய வுடலீங்க. புடிச்சாதான வுடறதுக்கு. பெல்ட்டு வேணாம்னா நான் ஒரு பக்கம் புடிச்சிக்கறேண்ணான்னு வந்தான். ரெண்டு பேரு புடிச்சா பேரு எனக்கு வருமா? மாதாவுக்குப் போட வச்சிருந்த சாமந்தி மாலைய அவன் ரெண்டு கையிலயும் குடுத்து ஓரமா நிக்க வச்சேன். மாதா வுழுந்தப்ப அவன் அந்த மாலையத்தான் புடிச்சிக்கினு இருந்தான்.

அவனுக்கு ஒரு ஃபோன் போட்டு வரச் சொல்லுங்க மொதலாளி. நான் போட்டா எடுக்க மாட்டேங்கறான்.