மருந்தோடு கும்மியும் தந்த டிரசரம்மாவுக்கு

மலைத்தோட்டத்து மருந்தகத்தின் மாண்பே! காய்ச்சல் பார்க்கத் தொட்ட கையிலேயே கவலையையும் கண்டுகொண்டவரே! மருத்துவ உதவியாளராய்ப் பணி நிறைவு பெறும் எங்கள் டிரசரம்மா நளினி அவர்களே! வணக்கம்.

ஊசி போட்டால் நோகாத கை உங்களுடையது என்று எழுதச் சொன்னார்கள். நோகும். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

தூக்கமில்லை என்று வந்தவர்களில், டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர்களை அனுப்பினீர்கள். மற்றவர்களிடம், "மாத்திர தர்றேன். வெள்ளிக்கெழம பெரட்டுக் களத்துக்கும் வந்துரு. மருந்துக்குத் தேதி முடியும், கும்மிக்கு முடியாது" என்றீர்கள்.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் அதே களத்தில் மாலையில் கும்மி. அங்கேயும் பெயர்தான். லயத்து வீட்டு வரிசையின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை ஒவ்வொரு வீட்டுக்காரியின் பெயரும் ஓர் அடியில் வர வேண்டும். ஒரு வீடு விடுபட்டாலும் முதலிலிருந்து பாட வேண்டும். முதலடியை எடுத்துப் பாடுவது எப்போதும் நீங்கள்தான். கும்மியடித்த மறுநாள் கொழுந்து வெட்டும் கத்தரி கனப்பதில்லை என்று காளியம்மா சத்தியம் செய்வார்.

போன ஆண்டு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி மகேனின் மனைவி புவனேஸ் இறந்தார். மகேன் அழவில்லை. உட்காரவும் இல்லை. வீட்டில் இரண்டு தட்டுகளும் கண்ணில் படும் என்று கடையில் நின்றபடியே சாப்பிட்டார். வேலை முடிந்ததும் தேயிலைச் சரிவில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். ஒரு வெள்ளிக்கிழமை களத்தோரம் வந்து நின்றார். கும்மி அவர் வீட்டை எட்டியதும், பழக்க தோஷம், எல்லாரும் "புவனேஸு" என்று பாடிவிட்டோம். கைகள் அப்படியே நின்றன. மகேன் போய்விட்டார்.

"என்னா வேல செஞ்சிட்டோம்லா!" என்று காளியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அடியை எடுத்துவிட முடிவு செய்தோம். அதற்குள் மகேன் உங்கள் மருந்தக வாசலில் நின்றார்.

"டிரசரம்மா, அந்தப் பேர எடுத்துடாதீங்க. வீட்டுக்கு வர்றவங்க அவ பேர வாயில எடுக்கிறதே இல்ல. அன்னிக்குத்தான் சத்தமா கேட்டேன்."

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. "அப்ப வந்து கை தட்டு. ஒன் வீட்டு அடிக்கு ஆள் கொறையுது" என்றீர்கள்.

வந்தார். தாளம் தப்பியது. "கிராணி கும்மி அடிக்கிறாரா, கொசு அடிக்கிறாரா?" என்றார் காளியம்மா. பல மாதங்களுக்குப் பின் மகேன் சிரித்தார். துக்கம் போய்விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கால்கள் சரிவுக்குப் போகவில்லை.

மாதக் கடைசியில் உங்கள் வீட்டைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, பிரிஞ்சாங்கில் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். போன வெள்ளிக்கிழமை இருமலால் நீங்கள் வரவில்லை. களத்தில் கூடினோம். "நீ எடு", "நீயே எடு" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், பாடாமலே கலைந்தோம். மகேன் மறுபடி சரிவில் ஏறினார். அன்று முதல் எங்கள் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

ஆகவே, அருமை அம்மா, வாழ்த்துக்கு முன் ஒரு வேண்டுகோள். இம்மடலை வாசித்து முடித்ததும் இங்கேயே கும்மி தொடங்கும். பழக்கத்தில் எழுந்துவிடாதீர்கள். முதலடியை மகேன் எடுக்கிறார். தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். குரல் நடுங்கும், உதவிக்கு வராதீர்கள். புவனேஸ் பெயர் அதன் இடத்தில் வரும். உங்கள் வீட்டுக்கு நாளை யார் குடிவந்தாலும், அவர் பெயரோடு உங்கள் பெயரும் வரும். விட்டுவிட்டால் முதலிலிருந்து பாடுவோம். வழக்கம் நீங்கள் அறிந்ததே.

நோயின்றி, நெடுநாள், நிறைந்த மனத்தோடு வாழ்க!

உட்காருங்கள், அம்மா. மகேன் தொடங்குகிறார்.

இங்ஙனம்,
மருந்தகத்தார், தொழிற்சாலையார், லயத்துக் குடும்பங்கள்