பிரிண்டருக்காக ஒரு போன்

ஷிஃப்ட் முடிந்து மத்திகிரிக்குப் போகிற டவுன் பஸ். என் முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இங்க் காயக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரர் வாரா வாரம் பொண்ணு போட்டோவத்தான் பிரிண்ட் எடுக்கறாருக்கா."

"அவளாவே கல்யாணம் கட்டிக்கிட்டதுல இருந்து அவரு அவகூடப் பேசறதே இல்லன்னியே?"

"பேசறதில்லதான். கேட்டா, 'அந்த போட்டோவுலதான் எல்லாக் கலரும் இருக்குது, டெஸ்ட் பண்ண வசதி'ம்பாரு. நேத்து சிவப்பும் வரல, மஞ்சளும் வரல. புள்ள மூஞ்சி நீலமா வந்துச்சு. கிளீனிங் போட்டுப் போட்டுப் பாத்தாரு. கடைசில அவளுக்கே போன் பண்ணிட்டாரு."

"ஐயோ, என்னன்னு?"

"'பிரிண்டர்ல கலர் வரல, என்ன பண்றது'ன்னு. முன்னாடி அவதான அதைப் பாத்துக்குவா."

"அவ என்ன சொன்னா?"

"'துணிய வெந்நீர்ல நனைச்சு இங்க் வர்ற ஹெட்டுக்கு அடியில வையிப்பா'ன்னா. ரொம்ப நேரம் பேசினாங்க. பிரிண்டரப் பத்தி மட்டுந்தான்."

"நீ அழுதிருப்பே."

"இல்லக்கா, தூங்கிட்டேன். அவ போனதுக்கப்புறம் நேத்துதான் நல்லாத் தூங்கினேன்."