மூன்று நிமிட உறக்கம்

உங்கள் லேப்டாப்பில் பழுது ஒன்றும் இல்லை. ஸ்கிரீன் சேவர் வரவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் படம் ஓடும்படி அதை வைத்திருக்கிறீர்கள். மின்சேமிப்புப் பக்கத்திலோ ஐந்தாவது நிமிடமே திரையை அணைத்துவிடும்படி இருக்கிறது. விளக்கை அணைத்துப் படுத்துவிட்ட வீட்டுக்கு விருந்தாளி வந்து என்ன செய்வான்? இரண்டும் வேறு வேறு பக்கம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

உட்காருங்கள். அப்டேட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, முடியக் கால் மணி நேரமாவது ஆகும். நாளைக்கு இந்த ஊரை விட்டே போகிறேன் என்றீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

என் மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். படு கெட்டிக்காரி. சன்னல் வழியாக வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடியிலிருந்து துணியை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. நிலையம் இருப்பது பத்து மணி நேர ரயில் தூரத்தில். தேர்வை மட்டும் வீட்டிலிருந்தே எழுதலாம். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் அவ்வளவுதான், மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வருடம்தான்.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் கேட்டாள்: "ஏங்க, எழுதிட்டு இருக்கும்போது அந்த மீன் படம் வந்து உயிரை வாங்குமா?"

"வராதும்மா, நீயே பாரு" என்று அவள் கண் முன்னாலேயே ஸ்கிரீன் சேவரை 'வேண்டாம்' என்று மாற்றிக் காட்டினேன். சொன்னபடி மீன் வரவில்லை. நான் அவளிடம் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பிறகு அவள் குளிக்கப் போனபோது மின்சேமிப்புப் பக்கத்தைத் திறந்து, மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் உறக்கத்துக்குப் போகும்படி வைத்தேன். அவளுக்கு ஒரு பழக்கம். எந்தக் கணக்கையும் முதலில் பென்சிலால் தாளில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் விடையைத் தட்டுவாள். நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். நான்காவது கேள்வி காற்றழுத்தக் கணக்கு. அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது லேப்டாப் உறங்கி, இணைப்பு அறுந்து, திரை கறுப்பாக இருந்தது.

இணையக் கம்பெனிக்கு நான்தான் போன் போட்டுக் கிழிகிழியென்று கிழித்தேன். அவளே, "விடுங்க, அந்தப் பொண்ணு பாவம்" என்று போனைப் பிடுங்கி வைத்தாள்.

இரண்டாவது வருடம் பேட்டரி மேல் பழியைப் போட்டேன். கையோடு புதுசும் மாற்றிக் கொடுத்தேன். தேர்வு முடிந்ததும் நேரத்தைப் பழையபடி வைத்துவிடுவேன். வேலையென்றால் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றாவது வருடம் பழி போட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேவையும் படவில்லை. "என் ராசிங்க, நான் உக்காந்தாலே எல்லாம் படுத்துக்குது" என்று அவளே சொல்லிவிட்டுப் புத்தகங்களை எடைக்குப் போட்டாள். கயிறு போட்டுக் கட்டியது நான்தான்.

ஏன் என்றால், பயம். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. 'போகாதே' என்று வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் போயிருக்க மாட்டாள். ஆனால் காலம் முழுக்க என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இப்போது பாருங்கள், அவளுக்கு என் மேல் ஒரு துளி கோபம் கிடையாது. கோபமெல்லாம் அவள் மேலேயே. கலகலப்பான வீடு எங்களுடையது.

என்ன, இப்போதெல்லாம் துணி காயப்போடும்போது, "மழை வருமாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? வராது என்கிறேன். போன வாரம் அத்தனையும் நனைந்துவிட்டது. பிழிந்து போட்டுக்கொண்டே இரண்டு பேரும் சிரித்தோம்.

இதோ, உங்களுடையது தயார். திரையை அணைக்கும் நேரத்தை அரை மணிக்குத் தள்ளிவிட்டேன், இனி உங்கள் படங்கள் பத்தாவது நிமிடம் டாண் என்று வந்துவிடும்.

அதுவா? அந்தச் சிவப்பு லேப்டாப் என் மகளுடையது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு, வீட்டிலிருந்தேதான். காலையில் அவள் அம்மாவே கொண்டுவந்து மேசையில் வைத்து, "எனக்கு ஆன மாதிரி பாப்பாவுக்கு ஆயிடக் கூடாதுங்க. வேற யாரையும் நம்பாம நீங்களே பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக் கொடுக்காமல் இருப்பேனா, ஒரே மகள். இன்னும் நான் அதில் எதையும் தொடவில்லை. அந்தக் கல்லூரி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.