காலையில ஒண்ணு

கைய விடுங்க அண்ணி. விடுங்கன்னு சொல்றேன் இல்ல? வார்டு பூரா நம்மளையே பாத்துக்கினு இருக்குது. பேசணும்னா இப்டி வராண்டாவுக்கு வந்து பேசுங்க. கூடப் பொறந்த தம்பி காதுல விழற மாதிரி அவரு பொண்டாட்டியக் கொலகாரின்னு கத்தறீங்களே, நல்லா இருக்குதா? பிரஷரு எரநூத்தத் தாண்டிடிச்சின்னு இப்பதான் நர்ஸு சொல்லிட்டுப் போச்சு. இன்னும் ஏத்தி உடறதுக்கா ஐயம்பேட்டையிலேருந்து பஸ்ஸு புடிச்சி வந்தீங்க?

மெதுவாத்தான் பேசறேன். நீங்கதான் கத்துறீங்க.

இன்னா சொன்னீங்க, இங்கிலீஷு மாத்திரையக் குடுத்துக் குடுத்து அவர சாச்சிட்டேனா? அந்த மாத்திரை எதுக்கு எங்க வூட்டுக்கு வந்துதுன்னு தெரியுமா உங்களுக்கு? தை மாசம். அரக்கு நெறத்துல ஒரு முகூர்த்தப் பொடவ தறியில ஓடிக்கினு இருந்துது. நாடாவத் தள்ளி நெஞ்சிக்கினு இருந்த மனுசனுக்குத் திடீர்னு மூக்குலேருந்து ரத்தம். பொடவ மேல ஒரு சொட்டு விழக்கூடாதுன்னு ரெண்டு கையையும் மொகத்துக்குக் கீழ ஏந்திக்கினு, கமலவேணின்னு ஒரு கத்து கத்தினாரு பாருங்க. நான் ஓடி வந்து பாத்தா உள்ளங்கை ரெண்டும் ரொம்பி நிக்குது. அப்பவும் பாவு நூலுல பட்டுடிச்சா பாருன்னுதான் கேட்டாரு. அன்னிக்கு நீங்க அங்க இல்ல. நான் இருந்தேன்.

டாக்டரம்மா கையில பட்டையக் கட்டிப் பாத்துட்டு ரத்தக் கொதிப்புன்னாங்க. அவருகிட்ட சொல்லல, என்னைக் கூப்பிட்டு ஒக்கார வச்சி சொன்னாங்க. காலையில ஒண்ணு, தெனமும். தலைவலி போயிடிச்சின்னு நிறுத்தக்கூடாது. ஒரு நாளு மறந்துட்டா அதுக்காவ மறுநாளு ரெண்டாப் போடக்கூடாது. தறிக்குழியிலேருந்து எழுந்திருக்கும்போது சட்டுனு எழுந்திருக்காம மொள்ள எழுந்திருக்கணும். அடுத்தவங்க சொன்னாங்கன்னு கூட்டறது கொறைக்கறது எதுவும் ஆவாது, எங்கிட்ட வந்து கேளுன்னாங்க. மூணாங்கிளாஸு படிச்சவதான் நானு. ஆனா ஒரு வார்த்த மறக்கல அண்ணி. இப்பக்கூட சொல்றேன் பாருங்க.

ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்பால பங்குனி உற்சவம்னு நீங்க வந்தீங்க. தேரு பாக்க வந்தவங்க தேரப் பாத்துட்டுப் போயிருக்கலாம். மாத்திரைப் புட்டியக் கையில எடுத்து ஆட்டிப் பாத்தீங்க. தலைவலிதான் போயிடிச்சே, அப்பால எதுக்குடா இதுன்னீங்க. ரத்தத்தைச் சுண்ட வச்சிடும், ஆம்பளைய ஒண்ணுத்துக்கும் ஆவாதவனா ஆக்கிடும்னீங்க. அக்கம் பக்கத்து ஆம்பளைங்க நாலு பேரு கேட்டுக்கினு நிக்கறாங்க. அவரு இன்னா பண்ணுவாரு? புட்டியப் புடுங்கி வாசக் கால்வாயில கொட்டினாரு. எங்க அக்கா எனக்கு அம்மா மாதிரி, இனிமே இந்தச் சனியன் என் வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு என்னைப் பாத்து ஒரு சத்தம் போட்டாரு. நீங்க சிரிச்சீங்க. சிரிக்கலன்னு சொல்லாதீங்க, நான் பாத்தேன்.

நாலே நாளுல தலைவலி திரும்பிடிச்சு. ராவெல்லாம் பின்மண்டையப் புடிச்சிக்கினு கெடந்தாரு. உங்களுக்கு ஆளனுப்பினா, வல்லாரையப் புழிஞ்சி வெறும் வயித்துல குடுன்னு சொல்லி அனுப்பினீங்க. குடுத்தேன். நீங்க சொன்ன மாதிரியே தெனமும் அரைச்சி, துணியில வடிகட்டிக் குடுத்தேன். பத்து நாளுல தலைவலி போச்சு. மொகம் தெளிஞ்சிது. அப்பப் பாக்கணுமே உங்கள! பெரியநாயகி கைராசி, பெரியநாயகி வைத்தியம்னு ஊரெல்லாம் பேச்சு. பாத்தியாடி, உன் டாக்டரு பண்ணாதத என் எல பண்ணிடிச்சின்னு எங்கிட்டயே வந்து சொன்னீங்க. நான் அம்மியக் கழுவிக்கினு இருந்தேன்.

இருங்க, குறுக்கப் பேசாதீங்க. வைகாசியில உங்க மச்சினரு ராமலிங்கம் வூட்டுக் கல்யாணம் நடந்துதே. பந்தியில ஒக்காந்திருந்த ராமலிங்கம் அப்டியே எலை மேல சாஞ்சாரே, ஒரு பக்கம் கையும் காலும் வராம. ரத்தக் கொதிப்பு, அதப் பாக்காம உட்டுட்டாருன்னு அங்கயே எல்லாரும் பேசினாங்க. உங்க தம்பி பக்கத்து எலையில ஒக்காந்துக்கினு இருந்தாரு. வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு தறிக்குழியில எறங்கல. நான் இன்னான்னு கேட்டதுக்கும் ஒண்ணுமில்லன்னுட்டாரு.

அதுக்கப்பறம் போன புதங்கெழம. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். தறிக்குழியிலேருந்து எழுந்தாரு. எழுந்தவரு ஏதோ சொல்ல வந்தாரு, வார்த்த வரல. கண்ணு மேல போச்சு. தறி மரத்துல மண்டை மோதி, குழிக்குள்ளயே விழுந்தாரு. நானும் எதுத்த வூட்டுக் கந்தனும்தான் தூக்கினோம். கையி காலு ஐஸா இருக்குது. இங்க கொண்டாந்து பாத்தா பிரஷரு கெடைக்கவே இல்லியாம், அவ்ளோ எறங்கிப் போச்சாம். ஆமா அண்ணி, எறங்கித்தான் விழுந்தாரு, ஏறி விழல. அதத்தானே புடிச்சிக்கினு என் மாத்திரைதான் காரணம்னு சொல்றீங்க?

கேளுங்க. மறுநாளு கண்ணத் தொறந்ததும் டாக்டரம்மா அவரக் கேட்டாங்க, மாத்திரை எப்டி போட்டுக்கினேன்னு. காலையில ஒண்ணும்மான்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடிச்சு. அவங்க போனப்பறம் என் கையப் புடிச்சிக்கினு சொல்றாரு, ராமலிங்கத்தப் பாத்ததுலேருந்து பயம் வந்துடிச்சு கமலா, கடையில கேட்டு வாங்கியாந்து நானே போட்டுக்கினு இருந்தேன், ரெண்டு வாரமா, அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொல்லாதன்னு. உங்க மனசு கஷ்டப்படுமாம்! கொட்டினது நாலு பேரு எதிர்க்க, எடுத்துப் போட்டுக்கினது ஒளிஞ்சிக்கினு. எங்கிட்டகூட சொல்ல வெக்கம்.

அவரு போட்டுக்கினது நல்லதுதானேன்னு யாரும் கேப்பாங்க. நல்லதுதான். ஆனா டாக்டரம்மா இன்னா நெனச்சிட்டாங்க? இந்த ஒடம்பு ஒரே ஒரு மாத்திரையக்கூடத் தாங்கலன்னு நெனச்சிட்டாங்க. அன்னிக்கே சுத்தமா நிறுத்திட்டாங்க. அஞ்சு நாளாச்சு. இப்ப எரநூத்துக்கு மேல போயி நிக்குது. திரும்ப அத குடுக்கவும் பயப்படறாங்க, குடுக்காம இருக்கவும் பயப்படறாங்க. பட்டணத்துக்குத் தூக்கிக்கினு போவணுமோன்னு காலையில பேசிக்கினு இருந்தாங்க. அந்த வண்டி ஆட்டத்துல வழியிலயே ராமலிங்கம் மாதிரி ஆயிட்டாருன்னா?

அது இன்னான்னா அண்ணி, அவரு போட்டுக்கினது ஒண்ணுதான். நானும் கடையில வாங்கியாந்து, உங்க வல்லாரைச் சாறுல தெனமும் ஒரு மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்துக்கினு இருந்தேன். அவரு புட்டியக் கொட்டின மறுவாரத்துலேருந்து. அந்தக் கசப்புல இது தெரியல. விழுந்த அன்னிக்குக் காலையிலகூடக் கலந்தேன்.

இப்ப எதுக்கு அழறீங்க? எலையால ஆவலன்னா, தம்பிக்காவவா? எனக்குத் தெரிய வேணாம். நானும் அஞ்சு நாளா அவரு பக்கத்துல ஒக்காந்துக்கினு ஊமையாட்டம் இருந்தவதான். சொன்னா இன்னா ஆவும், புருசனுக்கே தெரியாம மருந்து வச்சவன்னு பேரு வரும். வரட்டும். ரெண்டு மாத்திரையில எறங்கினதுன்னு தெரிஞ்சா, ஒண்ணு குடுக்கலாமான்னு அவங்க பாப்பாங்க இல்ல?

அதோ டாக்டரம்மா வராங்க. நான் போயி சொல்லிட்டு வரேன். அப்பறம் அவருகிட்டயும் நானே சொல்றேன். அதுக்குள்ள நீங்க உள்ள போயி அவருகிட்ட வாயத் தொறந்தீங்கன்னா... தொறக்காதீங்க அண்ணி. அவரு அத என் வாயால கேக்கணும்.